அரசுக் கல்லூரியா, பெரிய தனியார் பல்கலையா: வேலைக்கு ஆள் எடுப்பவர் எதைப் பார்க்கிறார்?

ஈரோடு_அப்பா

வணக்கம். பொண்ணுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 184. கலந்தாய்வில் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஈசிஇ (மின்னணு, தகவல் தொடர்பு) அல்லது இஇஇ (மின், மின்னணு) கிடைக்கலாம் என்கிறார்கள். இன்னொரு பக்கம் பெரிய தனியார் நிகர்நிலைப் பல்கலை ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ், உயர் கட்டணப் பிரிவு. விடுதியோடு வருடம் மூன்று லட்சத்துக்குக் குறையாது. "அரசுக் கல்லூரி என்றால் கம்பெனியில் தனி மதிப்பு" என்று ஒருவர் சொல்கிறார், "அங்கே கம்பெனியே வராது" என்று இன்னொருவர். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வளாகத்தேர்வு_15

சார், பலகையில் அரசு என்று இருக்கிறதா தனியார் என்று இருக்கிறதா என்பதை வைத்து யாரும் ஆள் எடுப்பதில்லை. போடும் கணக்கே வேறு. இந்த வளாகத்துக்குப் போனால் ஒருவரைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேரைச் சலிக்க வேண்டும், தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்வார்கள், அதற்கு எத்தனை ஆள் எத்தனை நாள் போக வேண்டும். கல்லூரிப் பெயர் இந்தக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி.

அண்ணா பல்கலையின் சொந்த வளாகங்களான கிண்டி பொறியியல் கல்லூரியையும் குரோம்பேட்டை எம்ஐடியையும் எடுங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குப் போடும் தரவரிசைதான் அங்கே வாசல். மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. அதனால் ஒரு வகுப்பின் முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் இடையே வித்தியாசம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரைக் கூப்பிட்டாலும் பெரிய ஏமாற்றம் இருக்காது. பிட்ஸ் பிலானி தனியார்தான். அங்கேயும் பணம் கட்டி இடம் வாங்க முடியாது, பிட்சாட் என்ற அதன் நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் பேசும். அதனால் நிறுவனங்கள் அதை ஐஐடி, என்ஐடி வரிசையில் வைக்கின்றன. ஆக, உள்ளே விடும் வாசல் எவ்வளவு குறுகல் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். நடத்துவது அரசா அறக்கட்டளையா என்பது இரண்டாம் பட்சம்.

பெரிய நிகர்நிலைப் பல்கலைகளில் வாசல் அகலம். நுழைவுத் தேர்வில் முன்னால் வந்தவருக்குக் குறைந்த கட்டணம், பின்னால் வந்தவருக்கு அதிகக் கட்டணம் என்று ஒரே பாடப்பிரிவில் இரு தரப்பும் உட்கார்ந்திருப்பார்கள். மேலே இருக்கும் கொஞ்சம் பேர் நாட்டின் எந்தக் கல்லூரி மாணவருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கீழே போகப் போகச் சரிவு அதிகம். நிறுவனத்துக்கு இது தெரியும். தெரிந்தும் போகிறது, ஏனென்றால் ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள், ஒரே நாளில் எல்லோருக்கும் தேர்வு நடத்தக் கணினிக்கூடம், நேர்காணலுக்கு அறைகள், கேட்ட தேதியை ஒதுக்கித் தர முழுநேர வேலைவாய்ப்பு அலுவலகம். சலிக்கும் வேலையை இணையத் தேர்வு செய்துவிடும்.

மாவட்டத்தில் இருக்கும் ஓர் அரசுக் கல்லூரியில் பிரிவுக்கு 60 பேர், ஆறேழு பிரிவு. சராசரியும் அரியரும் பார்த்துக் கழித்தால் தகுதி உள்ளவர்கள் 200, 250 பேர் வருவார்கள். அதில் பத்துப் பேரை எடுக்க ஆறு பேர் கொண்ட குழுவைச் சென்னையிலிருந்து இரண்டு நாள் அனுப்ப எந்த மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். மாணவர் மட்டம் என்று சொல்ல அங்கே யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. கம்பெனி வராததையும் மாணவர் தரத்தையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சர்ச்சை ஓய மாட்டேன் என்கிறது.

காட்பாடி_மாலை

மேலே சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். கணினிக்கூடத்தையும் அறையையும் மட்டும் பார்த்து நிறுவனங்கள் தனியார் வளாகத்துக்குப் போகவில்லை. அங்கே கடைசி அரையாண்டு முழுக்கப் பயிற்சிப் பணிக்கு விட்டுவிடுவார்கள். கிரெடிட்டை முன்னாலேயே முடித்துக்கொள்ளும் வசதி இருப்பதால் மாணவர் ஜனவரி முதல் ஜூன் வரை அலுவலகத்தில் உட்காரலாம். நிறுவனத்துக்கு அது ஆறு மாத நேர்காணல் மாதிரி. பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் சான்றிதழோடு அனுப்பிவிடலாம். அரசுக் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு வா என்றால் பெங்களூரில் இருக்கும் பிள்ளை எப்படி வரும்?

பிளேஸ்மென்ட்_மேசை

காட்பாடி சார், அது பழைய நிலவரம். அண்ணா பல்கலையின் 2021 விதிமுறையில் எட்டாம் பருவத்துக்கு புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப் மட்டும்தான், தியரி தாள் இல்லை. இணைப்புக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அனுமதிக் கடிதத்தை ஏழாம் பருவம் முடியும் முன் துறைத்தலைவரிடம் வாங்க வேண்டும், நிறுவன வழிகாட்டி ஒருவர், கல்லூரி வழிகாட்டி ஒருவர் என்று இரண்டு பெயர் வேண்டும், மதிப்பாய்வு நாட்களில் நேரிலோ இணையத்திலோ வர வேண்டும். இதை மாணவர்கள் கடைசி நேரத்தில் கேட்பதுதான் சிக்கல். நிறுவனம் ஜனவரி முதல் வாரம் சேரச் சொல்லும், கடிதம் பிப்ரவரியில் வரும், இடம் போய்விடும்.

அரசுக் கல்லூரிகளில் உள்ள குறை என்னவென்று நேராகவே சொல்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலர் என்பவர் பெரும்பாலும் பாடம் நடத்தும் பேராசிரியர். வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் இந்தப் பொறுப்பு. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுப் பதில் வராவிட்டால் நான்கு முறை தொலைபேசியில் துரத்த அவருக்கு நேரமில்லை. தனியாரில் அதற்கென்றே ஆட்களும் பயணப்படியும் உண்டு. இந்த இடைவெளியைக் கூட்டு வளாகத் தேர்வு ஓரளவு நிரப்புகிறது. நான்கைந்து கல்லூரிகளை ஒரே இடத்தில் சேர்த்து நடத்துவார்கள். அண்ணா பல்கலையின் சி.யு.ஐ.சி. என்ற தொழில்துறைத் தொடர்பு மையம் கிண்டி, எம்ஐடி, ஏ.சி.டெக் வளாக மாணவர்களுக்கு நடத்துவதோடு இணைப்புக் கல்லூரிகளுக்கு மாநில அளவிலான தேர்வுகளையும் நடத்துகிறது. 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பாடத்தோடு சேர்ந்த திறன் பயிற்சியும் உண்டு.

சின்னக் கல்லூரியில் இருக்கும் மாணவர் செய்ய வேண்டியது, மூன்றாம் ஆண்டிலேயே இந்தக் கூட்டுத் தேர்வுகளின் தேதியைத் தெரிந்து வைப்பது. அறிவிப்பு வந்து மூன்று நாளில் பதிவு முடிந்துவிடும். அப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றைத் தேடினால் ஆகாது. சான்றிதழ்கள் எல்லாம் 200 கிலோபைட்டுக்குள் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் தயாராக இருக்க வேண்டும். ஆதாரில் இன்ஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால் என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். வேலை உத்தரவு வந்த பிறகு பின்புலச் சரிபார்ப்பில் நிற்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

நிரலி

தேர்வு அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கல்லூரிப் பெயர் திரையில்கூட வராது.

பெரிய சேவை நிறுவனங்கள் முதலில் எந்திர வடிகட்டல் வைக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு அல்லது 6 சிஜிபிஏ (பத்துக்குப் போடும் சராசரித் தரப்புள்ளி), நிலுவை அரியர் இல்லை அல்லது ஒன்று, படிப்பில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இல்லை. இதைத் தாண்டினால் எல்லோரும் ஒன்றுதான். டிசிஎஸ்ஸின் தேசியத் தகுதித் தேர்வையே எடுங்கள். ஒரே தேர்வு. எழுதும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று மூன்று படி. நிஞ்சா ஆண்டுக்குச் சுமார் 3.4 லட்சம், டிஜிட்டல் சுமார் 7 லட்சம். இரண்டு மடங்கு வித்தியாசத்தைத் தீர்மானிப்பது கடைசிப் பகுதியில் வரும் நிரல் கேள்விகள். மூன்று லட்சம் கட்டணம் கட்டிய பிள்ளையும் அரசுக் கல்லூரிப் பிள்ளையும் அங்கே ஒரே திரை முன்னால்தான்.

ஜோஹோவில் இன்னும் வெளிப்படை. முதல் சுற்று சி மொழியில் துண்டு நிரல்கள், வெளியீடு என்ன என்று கேட்பார்கள். பாயின்டர், ரிகர்ஷன், ++ முன்னால் பின்னால் வரும் இடங்கள். இரண்டாவது சுற்று சிறு நிரல்கள்: சுருள் வடிவில் அணியை அச்சிடுவது, சரத்தைத் திருப்புவது, தயாராக இருக்கும் லைப்ரரி ஃபங்ஷனைத் தொடாமல். மூன்றாவது சுற்றில்தான் பாதிப் பேர் விழுவார்கள். டாக்ஸி முன்பதிவு, ரயில் பயணச்சீட்டு மாதிரி ஒரு முழுச் செயலியைச் சில மணி நேரத்தில் எழுத வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் மெயினுக்குள் கொட்டுவார்கள். இரண்டாம் பகுதியில் "காத்திருப்புப் பட்டியல் சேர்" என்று வந்ததும் முழுதும் உடையும். முதல் இருபது நிமிடம் காகிதத்தில் கிளாஸ்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஓடவைத்துக் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறவர் தேறுவார். 2005 முதல் பள்ளி முடித்தவர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் தாங்களே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அது. அங்கே போய்க் கல்லூரிப் பெயரை நீட்டுவதில் பொருளில்லை.

நேரில் பேசும் சுற்றில் அரசு, தனியார் இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் அடிபடுகிறார்கள்: காசு கொடுத்து புராஜெக்ட் சென்டரில் வாங்கிய புராஜெக்ட். "துல்லியம் 99 விழுக்காடு" என்று தற்குறிப்பில் இருக்கும். நோயாளி எத்தனை பேர், நோயில்லாதவர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இல்லை. 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்றால், எல்லோருக்கும் "நோயில்லை" என்று சொல்லும் நிரலுக்கும் 99 விழுக்காடு வருமே என்று அடுத்த கேள்வி. அதோடு முடிந்தது. சின்ன வேலையானாலும் பரவாயில்லை, சொந்தமாக எழுதி, எந்தத் தரவுத்தளம், ஏன் அந்த அட்டவணை, எங்கே தவறியது என்று ஐந்து நிமிடம் பேசத் தெரிந்தால் போதும்.

தறிச்சத்தம்

எல்லாம் சரி அக்கா. ஆனால் ஆங்கிலம்? அரசுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கழிக்கும் இடம் அதுதானே. கல்லூரிப் பெயரைப் பார்க்காமல் பேச்சைப் பார்த்துக் கழித்தாலும் விளைவு ஒன்றுதான்.

நிரலி

உண்மைதான் தம்பி, மறைக்க ஒன்றுமில்லை. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை நிரலை அழகாக எழுதிவிட்டு, அதை விளக்கச் சொன்னால் தடுமாறும். எதிரில் இருப்பவர் பொறுமையானவர் இல்லையென்றால் "தகவல் தொடர்பு போதாது" என்று ஒரு டிக். அநியாயம் என்று நினைத்தாலும் தயாராகத்தான் வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று: பல நிறுவனங்கள் முதல் கட்டத்தை வெர்சன்ட் மாதிரி எந்திரம் மதிப்பிடும் தேர்வாக வைத்திருக்கின்றன. அதற்குப் பயிற்சி எடுக்கலாம். திரையில் உள்ளதை வாசிப்பது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது, ஒரு சொல்லில் பதில், கலைந்த சொற்றொடர்களை வாக்கியமாக்குவது, சிறு கதையைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, கடைசியில் பொதுக் கேள்வி. எந்திரம் பார்ப்பது தடையில்லாத ஓட்டம், உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம். மதிப்பெண் போவது எங்கே என்றால், பீப் சத்தத்துக்கு முன்பே பேசத் தொடங்குவது, நடுவில் மூன்று நொடி நிறுத்துவது, தவறியதும் முதலிலிருந்து தொடங்குவது, மைக்கை வாயருகே வைத்து மூச்சுச் சத்தம் பதிவது. மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னத்தோரம் இருக்க வேண்டும். விடுதி வராந்தாவில் உட்கார்ந்து எழுதக் கூடாது.

பயிற்சிக்கு: தினம் 20 நிமிடம், கைப்பேசியில் எட்டு முதல் பத்துச் சொல் உள்ள வாக்கியங்களைக் கேட்டு நிறுத்திவிட்டுத் திருப்பிச் சொல்லி, பதிவு செய்து கேட்பது. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். இலக்கணப் புத்தகம் படிப்பதால் இந்தத் தேர்வில் பெரிய பலனில்லை.

பீளமேடு_பட்டறை

எல்லோரும் சாஃப்ட்வேரையே பேசறீங்க. இயந்திரம், சிவில், மின்சாரம் பக்கம் கணக்கு தலைகீழுங்க. கோயம்புத்தூர்ப் பம்பு, மோட்டார், வார்ப்பட ஆலைகளில் ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி மாதிரி உள்ளூர்ப் பழைய கல்லூரி என்றால் இன்னைக்கும் கதவு திறக்கும். பழைய பணிமனை, லேத்தில் கை வெச்ச பழக்கம், சீனியர் யாராவது உள்ளே இருப்பார். பெரிய தனியார்ப் பல்கலையிலிருந்து மெக்கானிக்கல் படிச்சவர் வந்தால் ஆலைக்காரர் முதலில் யோசிக்கறது, "இவர் ஆறு மாசத்தில் ஐடிக்குப் போயிருவாரா?" அப்படித்தான்.

நேர்காணலில் கேக்கறது இதுதான். ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, 25 எச்7/ஜி6 என்று போட்டிருக்கே, எது துளை எது தண்டு, இது தளர்வுப் பொருத்தமா இறுக்கப் பொருத்தமா? எம்10 × 1.5 என்றால் 1.5 என்ன? அந்த மரைக்கு எத்தனை மில்லி துளை போடணும்? எட்டரை என்று சொன்னால் பாதி வேலை கிடைச்ச மாதிரி. மின்சாரம் என்றால், மோட்டார் பெயர்ப்பலகையைக் காட்டி முழுச்சுமை மின்னோட்டம் எங்கே இருக்கு, ஸ்டார்-டெல்டா ஏன் வைக்கறோம், டிரான்ஸ்ஃபார்மரில் டிஒய்என்11 என்று இருக்கே, 11 எதைச் சொல்லுது? சிவில் என்றால் எம்25இல் 25 என்ன, சோதனைக் கனசதுரம் எத்தனை மில்லி, எத்தனையாவது நாள் உடைப்பீங்க? 150 மில்லி, 28ஆம் நாள். கம்பி வளைப்பு அட்டவணை போடத் தெரியுமா? இதுக்கெல்லாம் அரசுக் கல்லூரிப் பசங்க நல்லாவே பதில் சொல்றாங்க. தப்பு நடக்கறது எங்கே என்றால், நாலு வருசம் ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்து எழுதிட்டு வந்தவங்ககிட்ட.

சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் என்று எடுத்து ஒரு வருசம் பயிற்சி, அப்புறம்தான் நிரந்தரம். இடம் கிடைக்காதவங்க தரமணியில் இருக்கற தொழிற்பயிற்சி வாரியத்தின் மூலம் ஒரு வருச அப்ரென்டிஸ் போகலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏத்துக்குது, அதனால சின்ன ஆலைகளும் எடுக்கும். ஆனால் அப்ரென்டிஸ் முடிச்சவங்களை நிரந்தரமாக்கணும் என்ற கட்டாயம் இல்லை, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

தாமிரபரணி_இஇஇ

பொதுத்துறையை யாரும் சொல்லவில்லை. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதை வைத்து எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் அறிவிக்கையில் கேட்பது அங்கீகாரம் பெற்ற பட்டம், குறைந்தபட்ச மதிப்பெண், அவ்வளவே. இஸ்ரோ பொறியாளர் தேர்வுக்கு 65 விழுக்காடு அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ. டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணிகளிலும் கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு மாநிலப் பணிகளில் உண்டு, ஆனால் பள்ளியிலிருந்தே முழுதும் தமிழ்வழியாக இருந்தால்தான். இஇஇ எடுக்கும் பெண் இந்த வழியை மனதில் வைத்திருந்தால் அரசுக் கல்லூரியே போதும். கட்டணத்தில் மிச்சமாவதைப் புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் செலவிடலாம்.

வளாகத்தேர்வு_15

ஒரு விஷயம் விட்டுப்போனது, அடிக்கடி தகராறு வரும் இடம். தற்குறிப்பில் கல்லூரிப் பெயரை எப்படி எழுதுவது. அண்ணா பல்கலையோடு இணைந்த கல்லூரிகள், தன்னாட்சி பெற்றவை உட்பட, பட்டச் சான்றிதழை அண்ணா பல்கலை பெயரில்தான் பெறுகின்றன. அதனால் மாணவர்கள் "பி.இ., அண்ணா பல்கலைக்கழகம்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் கிண்டி வளாகம் என்று நினைத்துக் கூப்பிடுகிறார். நேர்காணலில் வேறு கல்லூரி என்று தெரிந்ததும் மறைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். திறமை இருந்தும் இதில் வீணாகப் போனவர்கள் உண்டு. கல்லூரியின் முழுப்பெயர், ஊர், அதன் பிறகு "அண்ணா பல்கலையுடன் இணைந்தது". இந்த வரிசையில் எழுதுங்கள்.

சிஜிபிஏவையும் அப்படியே ஒப்பிட மாட்டோம். சில இடங்களில் வகுப்பின் பரவலைப் பார்த்துத் தரம் போடுவார்கள், சில இடங்களில் நேரடி மதிப்பெண். ஒரு வளாகத்தின் 9.2ம் இன்னொன்றின் 8.3ம் ஒரே தகுதியைக் காட்டலாம். பலமுறை ஒரே வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு இது பழகிவிடும். அதனால்தான் 7க்கு மேலா, 8க்கு மேலா என்று கோடு போட்டுவிட்டு அதற்குப் பிறகு அதைப் பார்ப்பதே இல்லை.

வந்து சேரும் விகிதமும் கணக்கில் வரும். தனியாரில் மேல்தட்டு மாணவர் கையில் இரண்டு மூன்று வேலை உத்தரவு, கூடவே வெளிநாட்டு மேற்படிப்பு விண்ணப்பம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவதில்லை என்று வைத்துத்தான் எண்ணிக்கை போடுகிறோம். மாவட்ட அரசுக் கல்லூரிகளில் கொடுத்தால் வருகிறார்கள், இரண்டு மூன்று ஆண்டு நிற்கிறார்கள். இதைத் தெரிந்த நடுத்தர நிறுவனங்கள் சத்தமில்லாமல் அங்கே போய் எடுக்கின்றன.

ஈரோடு_அப்பா

அருமையான விளக்கம், எல்லோருக்கும் நன்றி. தனியார்ப் பல்கலைக்காரர்கள் "95 விழுக்காடு வேலைவாய்ப்பு, உச்ச சம்பளம் 40 லட்சம்" என்று விளம்பரம் தருகிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது?

பிளேஸ்மென்ட்_மேசை

விளம்பரத்தை ஓரமாக வையுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தரவைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப்பாகப் போட்டிருக்கும். அதில் நான்கு ஆண்டு இளநிலை என்ற அட்டவணையைத் திறங்கள். சேர்ந்தவர்கள், பக்கவாட்டு நுழைவில் (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில்) சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லாம் இருக்கும். விளக்கத்துக்காகக் கற்பனை எண்களில் ஒரு கணக்கு: சேர்ந்தவர்கள் 400, பக்கவாட்டு 60, பட்டம் பெற்றவர்கள் 368, மேற்படிப்பு 28, வேலை 221. முதல் கணக்கு 368ஐ 460ஆல் வகுப்பது, 80 விழுக்காடு. அடுத்தது 368இல் மேற்படிப்புக்குப் போன 28 பேரைக் கழித்து, 221ஐ 340ஆல் வகுப்பது, 65 விழுக்காடு. விளம்பரத்தில் இதே கல்லூரி, "பதிவு செய்த, தகுதியுள்ள" 235 பேரை அடியில் வைத்து 94 விழுக்காடு என்று போடலாம். பொய்யில்லை, அடி எண் மட்டும் மாறியிருக்கிறது.

எச்சரிக்கைகள்: இந்த அட்டவணை எல்லாப் பிரிவையும் ஒன்றாகக் கூட்டியது, கம்ப்யூட்டர் சயின்ஸ் தனியாகத் தெரியாது. தகவலும் ஓரிரு ஆண்டு பழையது. பல்கலைக்குப் பல வளாகம் இருந்தால் எந்த வளாகத்து எண் என்று பாருங்கள். தலைமை வளாகத்துப் பெயரைக் காட்டி வேறு வளாகத்தில் இடம் கொடுப்பதும் உண்டு, எல்லா நிறுவனமும் எல்லா வளாகத்துக்கும் போவதில்லை.

நேரில் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை மாணவர், எத்தனை வேலை உத்தரவு? ஒருவருக்கே மூன்று உத்தரவு என்றால் அது மூன்றாக எண்ணப்படும். ஒரு வேலை கிடைத்தவர் அடுத்த தேர்வுக்குப் போக அனுமதி உண்டா, எவ்வளவு சம்பள வித்தியாசம் இருந்தால்? இந்தப் பிரிவில் மட்டும் இடைநிலைச் சம்பளம் என்ன? மூன்றாவதுக்குப் பதில் தராமல் உச்ச சம்பளத்துக்குத் தாவினால் புரிந்துகொள்ளலாம்.

நிரலி

அந்த 40 லட்சத்தையும் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி தவிர, ஒருமுறை மட்டும் தரும் சேர்க்கைப் போனஸ், நான்கு ஆண்டில் பகுதி பகுதியாக வரும் பங்குகள், நிறுவனம் கட்டும் பிஎஃப், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்ததுதான் சிடிசி. நான்கு ஆண்டுப் பங்கை முதல் ஆண்டிலேயே சேர்த்துச் சொல்வார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மாதம் வங்கியில் எவ்வளவு விழும்?"

காட்பாடி_மாலை

இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்வதால் சொல்கிறேன். தனியார் பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் பிள்ளைக்கு, உடன் படிக்கும் கூட்டமே பெரிய சொத்து. இரவு பதினொரு மணிக்கு நிரல் போட்டிக்கு உட்காரும் நாற்பது பேர் ஒரே விடுதியில் இருப்பார்கள். முன்னவர்கள் நல்ல நிறுவனங்களில் பரவியிருப்பார்கள், பரிந்துரை கிடைக்கும். வேலைக்கு எடுப்பவர் பல்கலை பெயரைப் பார்க்காவிட்டாலும், உள்ளிருந்து ஒருவர் பரிந்துரைத்த தற்குறிப்பை முதலில் திறப்பார். அரசுக் கல்லூரியில் ஈசிஇ படித்துக்கொண்டு இதைத் தனியாகச் செய்யும் மன உறுதி எல்லாப் பிள்ளைக்கும் வராது.

வளாகத்தேர்வு_15

இதை முழுதும் ஏற்கிறேன். முதல் வேலைக்குப் பிறகு கல்லூரிப் பெயர் மங்கிவிடும். மூன்றாவது ஆண்டில் வேலை மாறும்போது எந்த வகை மென்பொருளில் என்ன கட்டினீர்கள் என்பதே கேள்வி. பரிந்துரை வலைமட்டும் மங்காது. நிர்வாக ஆலோசனை, பங்குச்சந்தைக் கணிப்பு நிறுவனங்கள் மட்டும் பத்தாண்டு கழித்தும் கல்லூரியைப் பார்க்கும். அவர்கள் பார்ப்பதும் ஐஐடி, பிட்ஸ் வரிசையைத்தான், நாம் பேசும் இரண்டையும் இல்லை.

வலை இல்லாதவர்களுக்கு எந்தக் கல்லூரி மாணவரும் கலந்துகொள்ளும் நிரல் போட்டிகள் உண்டு. டிசிஎஸ் கோட்விட்டா, இன்ஃபோசிஸின் ஹேக்வித்இன்ஃபி, 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். இவற்றில் ஒரு கட்டம் தாண்டினாலே தற்குறிப்பில் கல்லூரிக்கு மேலே எழுதலாம்.

தறிச்சத்தம்

அண்ணே, கடன் வாங்கிப் படிக்கிறதா இருந்தா அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க. வருசம் மூணு லட்சம், நாலு வருசம், 10 விழுக்காடு வட்டி என்று வெச்சுக்கலாம். படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருசமும் தனி வட்டிதான். அப்படிப் பார்த்தாலும் முதல் தவணைக்கு அஞ்சு வருசம், அடுத்தடுத்ததுக்கு நாலு, மூணு, ரெண்டு. மொத்த வட்டி 4.2 லட்சம். கட்டத் தொடங்கும்போது அசல் 16.2 லட்சமா நிக்கும். பத்து வருசத்துக்கு மாசம் சுமார் 21,400. நாலு லட்சம் சிடிசி வேலை என்றால் கைக்கு வர்றது மாசம் 27,000, 28,000. சென்னையில் வாடகை கொடுத்துட்டு எப்படிக் கட்டுறது? ஏழு லட்சம் சம்பளம் என்றால் சமாளிக்கலாம். அதனால அந்தப் பல்கலையின் இடைநிலைச் சம்பளம் ஏழுக்கு மேலயா கீழயா என்று பார்க்கறதுதான் முடிவு.

7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி வழக்கமா சொத்து ஈடு கேக்கும். 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமித் திட்டப் பட்டியலில் அந்த நிறுவனம் இருந்தா ஈடில்லாமல் கிடைக்கும், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ள இருந்தா பத்து லட்சம் வரைக்குமான கடனுக்கு வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு.

ஈரோடு_அப்பா

பிடிஎஃப்களை எடுத்துப் பார்த்தேன். தனியாரில் இடைநிலைச் சம்பளம் ஏழுக்குக் கீழேதான். எங்களிடம் சேமிப்பு பாதிதான் இருக்கிறது, மீதி கடன். அரசுக் கல்லூரி ஈசிஇ பக்கம் மனம் போகிறது. ஆனால் ஈசிஇ படித்தால் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் ஒதுக்கிவிடுமா?

நிரலி

சேவை நிறுவனங்கள் எல்லாப் பிரிவையும் எடுக்கும். மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது சில சமயம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஈசிஇ மூன்றையும் எழுதச் சொல்லும், இஇஇயை விட்டுவிடும். அதனால் இரண்டில் ஒன்று என்றால் மென்பொருளுக்கு ஈசிஇ. பொதுத்துறை என்றால் தாமிரபரணி சார் சொன்ன மாதிரி இஇஇ.

ஈசிஇ பாடத்தில் போதிய அளவு வராத மூன்றைத் தானே படிக்க வேண்டும்: தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயங்குதளம். இரண்டாம் ஆண்டு ஜூனில் தொடங்கினால் தினம் ஒன்றரை மணி நேரம் போதும். முதல் ஆண்டில் சி மொழியை ஒழுங்காக முடித்துவிட வேண்டும். சிப் வடிவமைப்பு, எம்பெடட் பக்கம் ஆர்வமிருந்தால் அதே சி மொழியும் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸும் அங்கேயும் உதவும், அந்த நிறுவனங்கள் ஈசிஇ மாணவரைத்தான் தேடும்.

பிளேஸ்மென்ட்_மேசை

சார், கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஒரே கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வரிசைதான் முக்கியம். 184க்குக் கிடைக்காது என்று நினைக்கிற ஈசிஇ இடங்களையும் மேலே போடுங்கள், அதனால் நஷ்டமில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் "ஏற்கிறேன், மேல்நோக்கியும் காத்திருக்கிறேன்" என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் கையில் உள்ள இடமும் போகாது. அதற்குக் கொடுக்கும் அவகாசம் இரண்டு மூன்று நாள்தான், கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் அன்று ஊரில் இருக்க வேண்டும்.